மூன்றாவது சிறுநீரகம்

ஊடுகண் ஐயாவுக்குத் தோல் கண்ணாடி, சதை கண்ணாடி, எலும்பும் கண்ணாடி. எதிரே வந்து நிற்கிற ஆளின் ஈரலும் இதயமும் குடலும் அவருக்குக் கடை அலமாரியில் அடுக்கி வைத்த சாமான் மாதிரி தெரியும். அதுவும் கண்ணைக் கட்டிக்கொண்டு! கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கத்தான் டாக்டர்கள் இருக்கிறார்களே, அந்த அற்ப வேலை ஐயாவுக்கு எதற்கு?

மூடிப்போன ஒரு மெத்தைக் கடையின் மாடியில் ஐயா தரிசனம் தந்தார். வாசலில் 'படுத்தால் போதும், தூக்கம் தானே வரும்' என்ற பழைய பலகையை யாரும் கழற்றவில்லை. கழற்ற அவசியமும் இல்லை. மாடிக்குப் போன எங்கள் மூளைகள் எல்லாம் படுத்துத்தான் கிடந்தன.

காலை ஏழு மணிக்கே வரிசை படிக்கட்டில் இறங்கி, தெருவில் நடந்து, முனையிலிருந்த செருப்புக் கடையைச் சுற்றி வளைந்துவிடும். அந்த வரிசையில் டாக்ஸி ஓட்டுகிறவர் இருந்தார், இரண்டு வக்கீல்கள் இருந்தார்கள், ஒரு வங்கி மேனேஜர் இருந்தார். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், "எனக்காக இல்லைங்க, வீட்டுக்காரிக்காக வந்தேன்" என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பார்வை இலவசம். பார்த்து முடித்ததும் கையில் கொடுக்கிற பச்சை எண்ணெய்க்கு மட்டும்தான் விலை. அந்த விலையைக் கேட்டால் நோயே ஓடிவிடும்.

வரிசையின் நடுவே ஓர் எக்ஸ்ரே டெக்னீஷியனும் நின்றான். இருபத்திரண்டு வருஷமாக மனிதர்களின் எலும்பைப் படமெடுத்துப் பிழைக்கிறவன். ஊடுகதிரை வைத்துக்கொண்டு ஊடுகண்ணைத் தேடிப் போன அந்த மேதாவி நான்தான்.

என் பெருமையை இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருஷமும் எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸிங் மாணவிகளுக்கு நான் ஒரு சொற்பொழிவு நடத்துவேன். எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் தன் மனைவியின் கையைப் படமெடுத்த கதை, அந்தக் கதிருக்குக் காப்புரிமை வாங்காமல் உலகத்துக்கு விட்டுக்கொடுத்த கதை, ஆரம்ப காலத்தில் அந்தக் கதிரோடு பழகிப் பழகி விரல்களை இழந்தவர்களின் கதை, போர்க்களத்துக்கு எக்ஸ்ரே வண்டி ஓட்டிக்கொண்டு போன மேரி கியூரியின் கதை. "எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதீர்கள்" என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் அடங்கி மூன்றாம் வாரம் நான் மெத்தைக் கடை வரிசையில் நின்றேன்.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. நான் உயிரோடு இருப்பதே விஞ்ஞானம் போட்ட பிச்சை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் இரண்டு சிறுநீரகங்களும் வேலைநிறுத்தம் செய்தன. அப்போது என் அக்கா தன் இடது சிறுநீரகத்தை எடுத்துக் கொடுத்தாள். அடிவயிற்றில் வலது பக்கம் அதை வைத்துத் தைத்தார்கள். பழைய இரண்டையும் எடுக்கவில்லை; அவை ஓய்வுபெற்ற அதிகாரிகள் மாதிரி உள்ளேயே சும்மா இருக்கின்றன. ஆக எனக்கு மூன்று. வேலை செய்வது அக்காவுடையது மட்டும். என் உடம்பு அதை அந்நியன் என்று அடித்து விரட்டாமல் இருக்க, காலையும் மாலையும் மாத்திரை போட வேண்டும், உயிருள்ள மட்டும்.

சரி, ஐயாவிடம் எப்படி விழுந்தேன்? விஞ்ஞான முறைப்படிதான் விழுந்தேன்! என் அறைக்கு வந்த நோயாளி ஒருவர், "சார், தோள்பட்டை எலும்புல கீறல்னு ஐயா அன்னைக்கே சொல்லிட்டார். நீங்க இன்னைக்குப் படம் எடுத்துச் சொல்றீங்க" என்றார். ஆச்சரியப்பட்டு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஐயா சொன்னதும் என் படம் காட்டியதும் ஒத்துப்போனால் ஒரு கோடு. ஒரே மாதத்தில் பதினான்கு கோடுகள். ஒத்துப்போகாதவற்றுக்கு? அவற்றுக்கு நோட்டில் இடம் ஒதுக்கவில்லை. அந்தப் பதினான்கு பேரும் ஐயாவிடம் போவதற்கு முன்பே வேறெங்காவது படம் எடுத்திருந்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

என் முறை வந்த நாளில் மாடிக் கூடத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, மேலே சுற்றும் மின்விசிறி, கோடியில் ஒரு மேடை, மேடையில் மைக். காத்திருந்தவர்களுக்கு நடுவே ஓர் அம்மாள் நடமாடிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, கனிவான முகம், தோளில் வாய் திறந்த துணிப்பை. ஆறுதலக்கா என்பார்கள். அழுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுப்பாள், தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள், "என்னப்பா செய்யுது உனக்கு?" என்பாள். அந்தக் குரலுக்குக் கல்லும் வாய் திறக்கும். நான் கல் இல்லை. இருபது நிமிஷம் என் வயிற்று வரலாறு முழுவதையும் ஒப்பித்தேன்.

பிறகு மேடைக்குப் போனேன். ஐயா வாட்டசாட்டமான ஆள். கண்ணைச் சுற்றி அகலமான கறுப்புத் துணி. அது கண்ணோடு நிற்காமல் இரண்டு காதையும் சேர்த்து மூடியிருந்தது. கண்ணைக் கட்டுகிறவர் காதை ஏன் கட்ட வேண்டும் என்று என் மூளை கேட்கவில்லை. அது மெத்தையில் படுத்திருந்தது.

ஐயா என்னை நோக்கிக் கையை நீட்டினார். நடுங்கினார். மைக்கில் சொன்னார்:

"என்னடா இது... எல்லாருக்கும் ரெண்டு. உனக்கு மூணு தெரியுதே! மூணு கிட்னி!"

கூட்டம் 'ஆ' என்றது. நான் அழுதேன். இத்தனை வருஷம் எக்ஸ்ரே எடுத்தவன், ஓர் ஆள் கண்ணைக் கட்டிக்கொண்டு என் வயிற்றை எண்ணியதைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதேன். ஆறுதலக்காவிடம் நானே சொன்னதை அதற்குள் சுத்தமாக மறந்திருந்தேன்.

"மூணாவது நல்லா ஒட்டிக்கிச்சு. இனி அது உன்னுது. அந்த விஞ்ஞானிங்க எல்லாம் கருவி வெச்சு வெளியே இருந்து பாத்தாங்க. நான் உள்ளேயே பாக்குறேன். மாத்திரைதான் இப்ப அதுக்கு விஷம். நிறுத்து. எண்ணெய் தடவு."

நிறுத்தினேன். மனைவிக்குத் தெரியாமல்தான். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோவேன், தண்ணீரை மட்டும் விழுங்குவேன், மாத்திரையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். நடிப்பு நன்றாகவே வந்தது. புளகாங்கிதம் தாங்காமல், என் அறைக்குப் படமெடுக்க வந்தவர்களில் ஆறு பேரை ஐயாவிடம் அனுப்பியும் வைத்தேன். அதில் ஒருவர் பஸ் டிரைவர். நுரையீரலில் காசநோய். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். "சாப்பிட்டா குமட்டுது சார், வண்டி ஓட்ட முடியல" என்று இரண்டாம் மாதம் என்னிடம் புலம்பினார். "ஐயாவை ஒரு தடவை பாத்துட்டு வாங்களேன்" என்றேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சொன்னேன்.

பத்தாம் நாள் என் காலணி காலுக்குள் போகவில்லை. முகம் வீங்கியது. நோய் வெளியேறுகிறது என்று எண்ணெயை இன்னும் அழுத்தித் தடவினேன். பதினோராம் நாள் என் பேண்ட்டைத் துவைக்கப் போட எடுத்த மனைவி, பாக்கெட்டைத் துழாவினாள். ஏழு மாத்திரைகள் கையில் வந்தன. அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, உடனே வாங்க. உங்க கிட்னியை இந்த மனுஷன் கொன்னுக்கிட்டு இருக்கார்."

அக்காவுக்குத் தராசு சரிபார்க்கிற உத்தியோகம். சந்தை, கடை, பெட்ரோல் பங்க் எல்லாம் போய், எடையும் அளவும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பாள். அவள் பை தரையில் 'டொம்' என்று விழுந்தால் வியாபாரிகளுக்கு வியர்க்கும். அந்தப் பை எங்கள் கூடத்தில் விழுந்தது. என் முகத்தைப் பார்த்தாள்.

"செருப்பைப் போடு. போடமுடியலன்னா வெறுங்காலோட கிளம்பு."

ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஒன்றரைக்குள் இருக்க வேண்டியது மூன்றைத் தாண்டியிருந்தது. உடம்பு அக்காவின் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கிவிட்டது. உடனே சேர்த்தார்கள். டாக்டரம்மா எனக்குப் பல வருஷப் பழக்கம். என் சொற்பொழிவுக்கு முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர். கட்டில் ஓரத்தில் நின்று, கோபப்படாமல் பேசினார். அதுதான் உறைத்தது.

"மண்ணுல வாழுற ஒரு நுண்ணுயிர்ல இருந்து இந்த மருந்தை எடுத்தாங்க. எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் மண்ணைக் கிளறி, தப்பு பண்ணி, திருத்தி, கண்டுபிடிச்சது. இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடி, மாத்தி வெச்ச கிட்னி நிறையப் பேருக்குத் தங்கவே இல்ல. நீங்க அதைத் துவைக்கப் போட்டிருக்கீங்க."

மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி. கிரியாட்டினின் இறங்கத் தொடங்கியது. சிறுநீரகம் பிழைத்தது. அக்கா மூன்று நாளும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினாள். நாலாம் நாள் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தவளிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கை கூசுகிறது.

"இருந்தாலும் அக்கா, மூணு கிட்னின்னு அவர் எப்படிச் சொன்னார்?"

அவள் கை நின்றது. சுளையைத் தட்டில் வைத்தாள். அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அறுவை சிகிச்சைக்குப் போகும்போதும் சிரித்தவள். அன்று அவள் கண் கலங்கியது.

"நாளைக்கு வீட்டுக்குப் போனா மறுபடியும் நிறுத்திடுவே. அப்படித்தானே?"

"இல்லக்கா..."

"உன் வாயில 'இல்ல' வருது. மூஞ்சியில வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இங்க பாரு. தராசு சரியா இருக்கான்னு எப்படிப் பாப்பேன்? வியாபாரி மூஞ்சியைப் பாத்தா? எத்தனை பேர் சாமான் வாங்குறாங்கன்னு பாத்தா? எடை தெரிஞ்ச கல்லை வெப்பேன். முள்ளு எங்க நிக்குதுன்னு பாப்பேன். அவ்வளவுதான். உங்க ஐயாவையும் அப்படியே பாத்துடுவோம். என் உடம்புதான் கல்லு."

உடம்பு தேறியதும் அடுத்த வாரம் போனோம். நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அக்கா கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகத் தொடங்கினாள். ஆறுதலக்கா பறந்து வந்தாள். துணிப்பையை இருவருக்கும் நடுவே வைத்தாள்.

"என்னம்மா செய்யுது?"

"இடது பக்கம் கிட்னியில கல்லு. ஸ்கேன்ல பதினோரு மில்லிமீட்டர்னு போட்டிருக்காங்க. உயிர் போகுதுங்க."

"ஐயோ பாவம். ஐயா பாத்துப்பார்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அரை மணி கழித்து அக்கா மேடையில் நின்றாள். ஐயா கையை நீட்டினார், நடுங்கினார்.

"இடது பக்கம்... சிறுநீரகம்... உள்ள ஒரு கல்லு! முள்ளு முள்ளா இருக்கு. அளவு... பத்து... இல்ல, பதினொன்னு!"

கூட்டம் 'ஆ' என்றது. தூணுக்குப் பின்னால் என் வாயும் பழக்கதோஷத்தில் 'ஆ' என்றது.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க ஐயா" என்றாள் அக்கா. "கல்லு தெரியுது. அந்தக் கிட்னி எப்படி இருக்கு?"

"வீங்கி இருக்கும்மா. சிவந்து போயிருக்கு."

"கண்ணால பாக்குறீங்களா?"

"உன் முகத்தைப் பாக்குற மாதிரி பாக்குறேன்."

அக்கா மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அந்த இடத்துல கிட்னியே இல்லீங்க. ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி வெட்டி எடுத்தாச்சு. இது ஆஸ்பத்திரிக் காகிதம், இது போன மாசம் எடுத்த ஸ்கேன். யார் வேணும்னாலும் படிச்சுப் பாக்கலாம். நீங்க பாத்த கிட்னி இப்போ அதோ தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கானே, அந்த மடையன் வயித்துல இருக்கு. டேய், எழுந்திரு!"

எழுந்தேன். முந்நூறு கண்கள் என் வயிற்றைப் பார்த்தன.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை. ஐயா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "உறுப்பை எடுத்தாலும் அதன் சூட்சும வடிவம் அங்கேயே நிற்கும். நான் பார்த்தது அதை!" என்றார். கூட்டம் தலையாட்டியது! "அதானே" என்றார் பேராசிரியர். இல்லாத சிறுநீரகத்தில் இல்லாத கல், அதற்கு மில்லிமீட்டர் அளவு. அதற்கும் தலையாட்ட எங்களால் முடிந்தது. படித்தவர்கள் அல்லவா, கொஞ்சம் வேகமாகவே ஆட்டினோம்.

அக்கா வாதாடவில்லை. மேடையிலிருந்து இறங்கினாள். நேராக ஆறுதலக்காவிடம் நடந்து வந்தாள். அவள் மடியிலிருந்த துணிப்பைக்குள் கையை விட்டுக் கைப்பேசியை எடுத்தாள். திரையில் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது: இரண்டு மணி பதினேழு நிமிஷம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே பையின் வாய்க்குள் அந்த வெளிச்சத்தை அக்கா பார்த்திருக்கிறாள்.

கைப்பேசியை வாயருகே கொண்டுபோய் 'ப்பூ' என்று பலமாக ஓர் ஊது ஊதினாள்.

நாற்பதடி தள்ளி மேடையில் ஐயா துள்ளினார். இரண்டு கையாலும் வலது காதைப் பொத்திக்கொண்டு "அம்மாடி!" என்று அலறினார். கறுப்புத் துணியை அவரே பிய்த்தார். மொச்சைக் கொட்டை அளவுக்கு ஏதோ ஒன்று காதிலிருந்து தெறித்து மேடையில் உருண்டது. முன்வரிசையில் இருந்த வங்கி மேனேஜர் அதை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார். கூடத்தின் கோடியிலிருந்து அக்கா கைப்பேசியில் கிசுகிசுத்தாள்.

"கிட்னியில கல்லுன்னு சொல்லுது!" என்று மேனேஜர் கத்தினார். "கேக்குதுங்க! தெளிவா கேக்குது!"

அப்போதுதான் கூட்டத்துக்கு உறைத்தது. ஆறுதலக்கா எழுந்து படிக்கட்டைப் பார்த்து ஓடினாள். வக்கீல்கள் இருவரும் மறித்துக்கொண்டார்கள். ஐயா மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்ப் புட்டிகள் இருந்த அறையைத் திறந்து பார்த்தால் சமையலெண்ணெய் டின்களும் பச்சைச் சாயமும் இருந்தன. போலீஸ் வந்தது.

நான் அந்த மேடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கருவியே வேண்டாம் என்று பேச ஐயாவுக்கு மைக் வேண்டியிருந்தது. அந்த மைக்குக்கும் எங்கள் தலைக்கு மேல் சுற்றிய விசிறிக்கும் மின்சாரம் வந்தது, ஃபாரடே ஒரு கம்பிச்சுருளையும் காந்தத்தையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியதால். அவர் காதுக்குள் பேசியது, ஹெர்ட்ஸ் இரண்டு உலோக உருண்டைகளுக்கு நடுவே தெறித்த சின்னப் பொறியிலிருந்து கண்டறிந்த அலை. அந்தக் கூடத்தில் விஞ்ஞானிகள் யாரும் கண்டுபிடிக்காதது ஒன்றே ஒன்று, ஐயா சொன்ன பொய். அதை வாங்கத்தான் வரிசையில் நின்றோம். இதெல்லாம் என் சொற்பொழிவில் வருகிற சங்கதிகள், மனப்பாடமாகத் தெரியும். மனப்பாடம் வேறு, மண்டைக்குள் போவது வேறு.

ஐயா பிடிபட்டதும் என் வேலை முடிந்துவிடவில்லை. நான் அனுப்பிய ஆறு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் வீடாகப் போனேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் திட்டினார். ஒரு பெண்மணி, "பொறாமையில பிடிச்சுக் கொடுத்துட்டீங்க" என்று கதவைச் சாத்தினாள். ஐயாவுக்குப் பதிலாக வேறு ஓர் ஐயாவை அவள் அதற்குள் தேடத் தொடங்கியிருப்பாள்.

பஸ் டிரைவரை டெப்போவில் பிடித்தேன். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கைக்குட்டைக்குள் இருமினார். ஐயா சொன்னபடி மாத்திரையை நிறுத்தி மூன்று வாரத்துக்கு மேல். தினமும் பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு இருமிக்கொண்டே ஓட்டியிருக்கிறார்.

"நான் சொன்னது தப்பு. அந்த ஆள் ஏமாத்துக்காரன். நீங்க உடனே மாத்திரையைத் தொடங்கணும். நான் சொல்றேன், நம்புங்க" என்றேன்.

அவர் என் கோட்டைச் சுட்டிக் காட்டினார்.

"சார், அன்னைக்கும் நீங்கதானே சொன்னீங்க. கோட்டு போட்டவர் சொல்றாரேன்னு நம்பினேன். இன்னைக்கும் அதே கோட்டுதான். எதுக்கு நம்பணும்?"

நான் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டேன். அவர் தொடர்ந்தார்:

"நம்ப மாட்டேன். படத்தைக் காட்டுங்க. என் படம்தானான்னு பேரைப் பாக்கணும். நோய் எங்க இருக்குன்னு விரல் வெச்சுக் காட்டணும். மாத்திரை என்ன பண்ணும்னு டாக்டரம்மா சொல்லணும். சளியையும் மறுபடி சோதிக்கணும். அப்புறம்தான்."

மறுநாளே வந்தார். அப்படியே செய்தார். முதல் படத்தையும் புதுப் படத்தையும் வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். பேரைப் படித்தார், தேதியைப் படித்தார். நுரையீரலில் வளர்ந்திருந்த வெள்ளைத் திட்டைத் தன் விரலால் சுற்றி வரைந்தார். டாக்டரம்மாவிடம் ஒன்பது கேள்வி கேட்டார். எண்ணினேன், என் இருபத்திரண்டு வருஷ வேலையில் எந்த நோயாளியும் மூன்றுக்கு மேல் கேட்டதில்லை. சளிப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் மாத்திரைக்குக் கை நீட்டினார். இப்போது எடை ஏறியிருக்கிறது. டாக்டரம்மா அனுமதித்த பிறகே பஸ்ஸைத் தொட்டார்.

அவர் எட்டாவது வரை படித்தவர். நான் விஞ்ஞானிகளைப் பற்றிச் சொற்பொழிவு செய்கிறவன். ஆகவே ஐயா சொன்னாலும், கோட்டு போட்டவன் சொன்னாலும், இந்தக் கதையை எழுதுகிற நானே சொன்னாலும், "படத்தைக் காட்டு" என்று கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கிறவனுக்கு உங்கள் வயிற்றைக் காட்டாதீர்கள்.